ஒன்பது வினாடிக்காரர்

மனிதர்களில் ஓர் இனம் இருக்கிறது. வெறும் குரலைக் கண்டால் அதற்கு ஒரு சட்டையை மாட்டிவிடாமல் அவர்களால் இருக்க முடியாது. யாராவது இரண்டு வாக்கியம் பேசினால் போதும், அதற்கு அடியில் ஒரு வயலினை இழைய விடவேண்டும். பேசுகிறவர் மூச்சு வாங்கினால் அந்த இடைவெளியில் ஒரு புல்லாங்குழல் எட்டிப் பார்க்கவேண்டும். அவர் தன் வாழ்க்கையின் பெரிய துக்கத்தைச் சொல்லத் தொண்டையைச் செருமினால், அவர் அழுவதற்கு முன்னால் நாற்பது பேர் கொண்ட வாத்தியக் குழு ஒன்று அழுது முடித்து மூக்கையும் சிந்தியிருக்கவேண்டும். இவர்களைப் பின்னணிப் பிரியர்கள் என்று சொல்லலாம். முன்பெல்லாம் குழந்தையின் பிறந்தநாள் வீடியோவுக்கு ஒரு பாட்டைச் சேர்த்துவிட்டு அடங்கிவிடுவார்கள். கைபேசியும் ஒரு சின்ன மைக்கும் இருந்தால் யார் வேண்டுமானாலும் பாட்காஸ்ட் நடத்தலாம், வானொலி நிலையம் இல்லாமலே வானொலி நடத்தலாம் என்று ஒரு காலம் வந்தது பாருங்கள், அன்றிலிருந்து இனம் பெருகிவிட்டது.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டுப் பாருங்கள். ஆள் வரமாட்டார். துணி அலமாரியைத் திறந்து, சட்டைகளுக்கும் போர்வைகளுக்கும் நடுவில் தலையை நுழைத்து, முதுகை மட்டும் உலகத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்பார். "துணி எதிரொலியைக் குடிச்சிடும்" என்று விளக்கம் சொல்வார். அந்த நேரத்தில் வீட்டில் மின்விசிறி சுற்றக்கூடாது, குழாயில் தண்ணீர் சொட்டக்கூடாது, அழைப்பு மணிக்குத் துண்டு கட்டியிருக்கும், வீட்டில் உள்ளவர்கள் மூச்சு விடலாம், ஆனால் மூக்கால் மட்டும். பிரிட்ஜ் உறுமுகிறது என்று அதன் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். மறுபடி சொருக மறந்துவிடாமல் இருக்க ஒரு தந்திரம் வைத்திருப்பார்: ஸ்கூட்டர் சாவியைப் பிரிட்ஜுக்குள் வைத்துவிடுவது. வெளியே கிளம்பும்போது சாவியைத் தேடிப் பிரிட்ஜைத் திறந்தே ஆகவேண்டுமல்லவா? அருமையான யோசனை. அன்றைக்கு அவர் வெளியே கிளம்பாவிட்டால் மட்டும் பால் திரிந்துவிடும்.

இதெல்லாம் ஒன்றுமில்லை. இந்த இனத்தின் உண்மையான அழகு அதன் சட்ட ஞானத்தில் இருக்கிறது.

"ஐயா, இந்தப் பாட்டு வேறொருவர் போட்ட பாட்டாயிற்றே, எடுத்துக்கொள்ளலாமா?" என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். முகத்தில் ஒரு பரிதாபம் தோன்றும். உங்கள் மேல்தான் பரிதாபம்.

"அதான் கடைசில நன்றி சொல்லிடறேனே!"

உண்மைதான், சொல்லிவிடுகிறார். நிகழ்ச்சி இருபது நிமிடம் என்றால் நன்றி பதினோரு நிமிடம். பாடியவருக்கு, எழுதியவருக்கு, மிருதங்கக்காரருக்கு, தாளக்காரருக்கு, ஒலிப்பதிவுக் கூடத்தில் காபி கொண்டுவந்து கொடுத்தவருக்கு. ஒருவர் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து சோபாவைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் கூடத்தில் போட்டுவிட்டு, 'சோபா உதவி: பக்கத்து வீட்டு ஐயா' என்று வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைப்பது போல.

"நான் என்ன காசுக்கா பண்றேன்? ஆத்ம திருப்திக்குப் பண்றேன்."

அதாவது, சோபாவை விற்கவில்லை. உட்காரத்தான் எடுத்தார்.

"அவங்களுக்கும் இது ஒரு விளம்பரந்தானே!"

அதாவது, இவர் வீட்டுக்கு வருகிற நாற்பத்து மூன்று பேரும் அந்தச் சோபாவைப் பார்ப்பார்கள். நாற்பத்து மூன்று என்பதை நான் இட்டுக்கட்டவில்லை. நான் சொல்லப்போகிறவருக்கு நேயர்கள் சரியாக நாற்பத்து மூன்று பேர். அதில் இரண்டு பேர் அவரேதான், இரண்டு கைபேசியிலிருந்து.

அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். நாள் முழுவதும் வாடிக்கையாளரின் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா?" என்று கேட்பது தொழில். வீட்டுக்கு வந்தால் மனைவியின் காதில் இயர்போனைச் சொருகி, "இந்த வயலின் நல்லா இருக்கா, இந்த வயலின் நல்லா இருக்கா?" என்று கேட்பது பொழுதுபோக்கு. மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடைத்தாளைத் திருத்திக்கொண்டே, "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்பார். "உனக்குக் காது கணக்கு பண்ணியே மரத்துப் போச்சு" என்று இவர் அலமாரிக்குள் போய்விடுவார்.

நிகழ்ச்சியின் பெயர் 'நம்ம ஆளுங்க'. ஊரில் இருக்கிற சாதாரண மனிதர்களைப் பேச வைப்பது. தபால்காரர் பேசினார், லிப்ட் பழுது பார்ப்பவர் பேசினார், மருத்துவமனை வாசலில் பூங்கொத்து விற்பவர் பேசினார். நல்ல மனிதர்கள், நல்ல கதைகள். ஆனால் யார் பேசுவதும் ஒழுங்காகக் காதில் விழாது. எல்லோரும் பாட்டுக் கச்சேரியில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் ரகசியம் சொல்வதுபோல் இருக்கும்.

பதினேழாவது நிகழ்ச்சியில் பேசியது அவருடைய அக்கா.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். இருபத்தெட்டு வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி, எந்த மேடை, எத்தனை மணி என்று ஒலிபெருக்கியில் சொல்கிற அந்தக் குரலைக் கேட்காத காது ஊரில் கிடையாது. ஆனால் பதிவு செய்து வைத்தவர் யாரும் கிடையாது; தினமும் கேட்கிற குரலை யார் பதிவு செய்வார்கள்? ஓய்வு பெற்ற மறு வருடம் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுக்கவேண்டும் என்று டாக்டர் தேதி குறித்தார். அறுவைச் சிகிச்சைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, தம்பி மைக்கைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய் ஐம்பத்திரண்டு நிமிடம் பேச வைத்தார். கேலி செய்ய உட்கார்ந்திருக்கிறேன், ஆனாலும் இதைச் சொல்லிவிடுகிறேன்: அந்த மனிதர் தன் வாழ்நாளில் செய்த உருப்படியான காரியம் அதுதான்.

அதற்குப் பிறகு அக்கா பேசவில்லை. கையில் ஒரு வெள்ளைப் பலகையும் மார்க்கர் பேனாவும் வைத்திருப்பார். கூப்பிடவேண்டுமென்றால் கரண்டியால் மேசையைத் தட்டுவார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் அவருடைய மகள், தினமும் காலையில் அலுவலகத்துக்கு ரயிலில் போகும்போது பதினேழாவது நிகழ்ச்சியைத்தான் கேட்டுக்கொண்டு போவாள். நாற்பத்து மூன்றில் அவளும் ஒருத்தி. ஒன்றாக இருந்தாலும், தினமும் வருகிற ஒன்று.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் முதல் நிகழ்ச்சிக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. தபால்காரருக்கு அடியில் ஒரு பாட்டை முழுசாக ஓடவிட்டிருந்தார். அந்தப் பாட்டின் உரிமையாளர்கள், அதை எடுங்கள் என்று மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள். வேறு யாராவதாக இருந்தால் பாட்டை எடுத்திருப்பார்கள். நம்மவர் சட்ட ஆலோசனைக்குப் போனார்.

யாரிடம்? வக்கீல் அலுவலகம் இருக்கிற கட்டடத்துக்குத்தான் போனார். ஆனால் மாடி ஏறவில்லை. கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவரிடம் கேட்டார். பதினைந்து வருடமாக வக்கீலுக்குக் கீழேயே இருப்பவர், சட்டம் கொஞ்சமாவது கசிந்து இறங்கியிருக்காதா?

"பத்து செகண்டுக்குள்ள இருந்தா கேஸே கெடையாது சார்" என்றார் ஜெராக்ஸ்காரர், ஒரு தடிமனான புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை நகலெடுத்துக்கொண்டே.

"நெஜமாவா?"

"பத்து செகண்டுல யாருக்கு என்ன நஷ்டம்? நீங்களே சொல்லுங்க."

அப்படி ஒரு சட்டம் உண்டா என்று நானும் தேடிப் பார்த்தேன். எந்தப் புத்தகத்திலும் கண்ணில் படவில்லை. மனிதர்களின் வாயில் மட்டும் இருக்கிறது. சிலருக்குப் பத்து, சிலருக்கு ஏழு, தாராள மனசுக்காரர்களுக்கு முப்பது. நம்மவர் நியாயஸ்தர். பத்து என்று சொன்னதில் ஒரு வினாடியைத் தர்மத்துக்கு விட்டுக்கொடுத்து, ஒன்பது என்று வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் செய்த காரியத்தை, இந்த இனத்தைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். பாட்டை நிறுத்தவில்லை. ஒன்பது வினாடிக்கு ஒரு தடவை பாட்டை மாற்றினார்.

ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து, மூன்று வாரம், எல்லா நிகழ்ச்சியையும் வெட்டி ஒட்டினார். அக்காவின் ஐம்பத்திரண்டு நிமிடத்துக்கு மட்டும் முந்நூற்று நாற்பத்தேழு துண்டுகள். ஒன்பது வினாடி வயலின், ஒன்பது வினாடி டிரம்ஸ், ஒன்பது வினாடி தாலாட்டு, ஒன்பது வினாடி யாரோ யாரையோ மலை உச்சியில் நின்று கூப்பிடுகிறார். கேட்டால், டிவி ரிமோட்டின் மேல் யாரோ உட்கார்ந்துவிட்ட வீட்டில் அக்கா பேசிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. "எவன் பாட்டும் பத்து செகண்டு கெடையாது!" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார். கைபேசியில் இடத்தை அடைக்கிறது என்று பழைய பதிவுகளை எல்லாம் அழித்தார். அதுதான் இணையத்தில் பத்திரமாக இருக்கிறதே!

கணக்கு டீச்சர் மட்டும் ஒரு நாள் சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். "என்னங்க, ஒருத்தர் பாட்டை எடுத்தா ஒருத்தருக்குப் பதில் சொல்லணும். முந்நூத்தி நாப்பத்தேழு பேர் பாட்டை எடுத்தா?"

"உனக்கு எல்லாமே கணக்கு!"

நோட்டீஸ்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தன. கடையில் ஒரு பெரியவருக்கு வில்லை மாற்றிக்கொண்டிருந்தபோது கண்ணாடி மேசைமேல் கைபேசி தேளைப்போல் துடித்துத் துடித்து நகர்ந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து, பன்னிரண்டு. மொத்தம் முப்பத்தொன்று. நீங்களும் நானும் என்றால் மயங்கி விழுந்திருப்போம். அவர் நெஞ்சு நிமிர்ந்தது. உடனே மனைவிக்குப் போன் போட்டார்.

"கேட்டியா? முப்பத்தியொரு கம்பெனி என் நிகழ்ச்சியைக் கேட்டிருக்கு! ஒரே நாள்ல! எனக்கு மொத்தமே நாப்பத்து மூணு பேர்தானே?"

"அது மனுஷங்க இல்லீங்க. மெஷின் கேக்கும்னு எங்க ஸ்கூல் கம்ப்யூட்டர் சார் சொன்னார்."

"மெஷின் கேட்டா என்ன? காது கொடுத்துக் கேட்டுதா இல்லியா?"

முப்பத்திரண்டாவது கடிதம் நிகழ்ச்சியை வெளியிடுகிற நிறுவனத்திடமிருந்து வந்தது. இரண்டே வரி. 'நம்ம ஆளுங்க' முழுவதும் நீக்கப்பட்டது.

அப்போதும் அவர் அசரவில்லை. மேல்முறையீடு செய்வேன், நியாயம் கேட்பேன், நன்றி சொன்ன பட்டியலை ஆதாரமாகக் காட்டுவேன் என்று பெரியவரிடமே முழங்கிக்கொண்டிருந்தார். பெரியவர் பாதி வில்லையோடு பொறுமையாக உட்கார்ந்திருந்தார். அப்போது அக்கா மகளிடமிருந்து போன் வந்தது. பின்னால் ரயில் ஓடுகிற சத்தம்.

"மாமா."

"சொல்லும்மா."

"மாமா, அம்மா எங்க?"

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். இந்த இடத்தில் நான் எதையும் சேர்க்கப்போவதில்லை.

அன்று கடையை மூடிவிட்டு அவர் தேடிய தேடலைச் சொல்லவேண்டும். கைபேசியில் இல்லை. அதற்கு முந்திய கைபேசி பழசுக்குப் புதுசு திட்டத்தில் எங்கோ போய்விட்டது. மடிக்கணினியில் இருந்ததெல்லாம் பாட்டுகள். நாலாயிரம் வயலின் இருந்தது, அக்கா இல்லை. முப்பத்தொரு நிறுவனத்துக்கும் மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார். 'தங்கள் பொற்பாதங்களில்' என்று ஆரம்பித்து, தொண்டைக் கட்டியின் அளவு வரைக்கும் சொல்லி, தன் கண்ணீர் காகிதத்தில் விழுந்ததாகவும் குறிப்பிட்டிருந்தார், மின்னஞ்சல் என்பதை மறந்து. பதில்கள் உடனே வந்தன. 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம். தயவுசெய்து இந்த முகவரிக்குப் பதில் எழுதவேண்டாம்.'

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனார். அதற்குள் மகள் சொல்லியிருந்தாள். அக்கா பலகையில் எழுதிக் காட்டினார்.

'எல்லாம் போச்சா?'

"சேச்சே, இல்லக்கா. சின்ன ரிப்பேர். ரெண்டு நாள்ல வந்துடும்."

'பொய் சொன்னா உன் காது சிவக்கும். இப்ப சிவந்திருக்கு.'

தம்பி காதைப் பொத்திக்கொண்டார். அக்கா பலகையைத் துடைத்தார். பிறகு ஒரே ஒரு சொல் எழுதினார்.

'பரவாயில்லை.'

அக்கா திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். சின்ன வயதில் ஒரு கொய்யாக்காய்க்காக அவரைத் தெருமுனை வரை துரத்திக்கொண்டு வந்தவர் அக்கா. வாழ்நாளில் 'பரவாயில்லை' என்று சொன்னதே கிடையாது. மிச்சமிருந்த ஒரு பொருளையும் தம்பி தொலைத்துவிட்டு வந்து நிற்கிறான், பரவாயில்லையாம். அவர் அங்கே உட்காரமுடியாமல் எழுந்து, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, நேராக ஜெராக்ஸ் கடையில் போய் இறங்கினார். சண்டை போடத்தான்.

"பத்து செகண்டுன்னு சொன்னீங்களேய்யா!"

"நான் எங்க சார் சொன்னேன்? ஒரு கஸ்டமர் சொன்னாரு."

"எந்தக் கஸ்டமர்? வக்கீலா?"

"இல்ல சார். புத்தகத்தை முழுசா ஜெராக்ஸ் எடுக்க வருவாரே, அவரு."

நம்மவர் தலையில் கையை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். மற்றவர்களுக்கு ஆயிரம் கண்ணாடி மாட்டியவர், தன்னுடையதைத் துடைக்கத் துணி தேடினார், கிடைக்காமல் சட்டை நுனியால் துடைத்தார்.

"எங்க அக்கா குரல் போச்சுய்யா. ஒரே ஒண்ணுதான் இருந்துது. அதையும் தொலைச்சுட்டேன்."

ஜெராக்ஸ்காரர் மெஷினை நிறுத்தினார். "பஸ் ஸ்டாண்டு அக்காவா? அவங்க பேசினதை இங்க வெச்சுதானே வெட்டினீங்க?"

"ஆமா."

"வெட்டறதுக்கு முன்னாடி இதுல ஏத்தினோம்ல?"

"அதான் அன்னிக்கே அழிக்கச் சொன்னேனே?"

"சொன்னீங்க" என்றார் ஜெராக்ஸ்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு. "நான் எதையும் அழிக்கறது இல்ல சார். கடைக்கு வர்ற எதுவா இருந்தாலும் ஒரு காப்பி வெச்சுக்குவேன். ஒண்ணும் கெட்ட எண்ணம் இல்ல. கைப்பழக்கம்."

கம்ப்யூட்டரில் ஒரு கோப்புறையைத் திறந்தார். ஊரே அதற்குள் இருந்தது. மதிப்பெண் பட்டியல்கள், வீட்டுப் பத்திரங்கள், ராஜினாமாக் கடிதங்கள், எழுதியும் கொடுக்கப்படாத ராஜினாமாக் கடிதங்கள், மாடி வக்கீலின் வழக்குக் கட்டுகள், யாரோ யாருக்கோ எழுதி அனுப்பாமல் விட்ட காதல் கடிதம் ஒன்று, மூன்று பிரதிகளில். அடியில் 'அக்கா, வெட்டாதது' என்று ஒன்று.

வேறொரு நாளாக இருந்தால், "உம்மை யார்யா காப்பி எடுக்கச் சொன்னது, என் பொருளுக்கு என்கிட்ட அனுமதி வாங்கினீரா?" என்று நம்மவர் கொதித்திருப்பார். அன்றைக்கு உரிமைச் சட்டம் அவருடைய ஞாபகத்துக்கே வரவில்லை. ஜெராக்ஸ்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மெஷின் சூடு பட்டு விலகினார்.

போட்டுக் கேட்டார்கள்.

முதலில் நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு அக்கா. "ஃபேனைப் போடுடா, வேர்க்குது." "பதிவாகுதுக்கா." "வேர்த்துக்கிட்டே பேசறதும் பதிவாகுமா?" ஜெராக்ஸ்காரர் சிரித்துவிட்டார். இதெல்லாம் நிகழ்ச்சியில் காதில் விழவே இல்லை. வயலினுக்குக் கீழே புதைந்திருந்தது. பேசிக்கொண்டே போனார் அக்கா. இருபதாவது நிமிடத்தில், இருபத்தெட்டு வருடமாக எப்படி அறிவிப்பார் என்று தம்பி கேட்டதற்கு ஒரு பதில் சொன்னார்.

"வண்டி நம்பர் சொல்லுவேன், மேடை சொல்லுவேன். 'புறப்படத் தயாராக உள்ளது'ன்னு சொல்லறதுக்கு முன்னாடி கொஞ்சம் சும்மா இருப்பேன். மேலதிகாரி கேப்பாரு, ஏம்மா நடுவுல நிறுத்தறேன்னு. ஓடி வர்றவங்க இருப்பாங்கள்ல? பெட்டியைத் தூக்கிக்கிட்டு. அவங்க காதுல நம்பர் போய்ச் சேரணும். அந்த எடத்துல பேசக்கூடாது. எப்படின்னு காட்டவா?"

காட்டினார். வண்டி எண்ணும் மேடை எண்ணும் சொன்னார். சும்மா இருந்தார். கடையில் ஒன்றும் கேட்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைத் தவிர. பிறகு, "புறப்படத் தயாராக உள்ளது."

அந்த இடைவெளியில்தான் நம்மவர் டிரம்ஸ் போட்டிருந்தார்.

அக்கா பேசிய அன்று எதிரே உட்கார்ந்திருந்தவர் அவர். ஆனால் அப்போது மைக்கின் ஒலி அளவைத் திருகிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்தக் குரலை வெட்டினார். அப்போது பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

"தெளிவா இருக்கு" என்றார் மெல்ல. தொழில் வார்த்தைதான். ஆனால் அதுவரை அதைக் கேள்வியாகத்தான் சொல்லியிருந்தார்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? பென் டிரைவைக் கையில் வாங்கியவர் வாசல் வரை போய்த் திரும்பினார்.

"ஏன்யா... ரொம்ப மெலிசா... கேக்கவே கேக்காத மாதிரி ஒரு புல்லாங்குழல் மட்டும்..."

"எட்டு செகண்டா?" என்றார் ஜெராக்ஸ்காரர் ஆர்வமாக.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நம்மவர் பென் டிரைவைச் சட்டைப் பைக்குள் போட்டு, பையைக் கையால் பொத்திக்கொண்டு, ஓடினார்.

அக்கா ஐம்பத்திரண்டு நிமிடத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுவில் ஒரு தடவை பேனாவை எடுத்து, 'இங்க வேகமா பேசிட்டேன்' என்று குறித்துக்கொண்டார். இருபத்தெட்டு வருடத்துப் பழக்கம். முடிந்ததும் தம்பி, பாராட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளையைப்போல் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். அக்கா எழுதினார். கொஞ்சம் அதிக நேரம் எழுதினார்.

'முதல்ல இதை ஊருக்குப் போட்டியே, என்கிட்ட அனுமதி வாங்கினியா?'

"என்னக்கா இது! நீ எங்க அக்கா! நம்ம வீட்டுக் குரலுக்கு அனுமதியா?"

'பேசினது என் தொண்டை.'

"கடைசில உனக்கு நன்றி சொன்னேனேக்கா!"

அக்கா கரண்டியை எடுத்தார். மேசையைத் தட்டவில்லை. தம்பியின் மண்டையில் ஒன்று வைத்தார், மெதுவாகத்தான். பிறகு பலகையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, அழகான பெரிய எழுத்தில் எழுத ஆரம்பித்தார். முப்பத்தொரு நிறுவனத்தின் நோட்டீசுக்கும் வேர்க்காத மனிதருக்கு இதைப் படிக்கும்போது வேர்த்தது.

'பயணிகளின் கவனத்திற்கு. இந்தக் குரலின் உரிமையாளர் இங்கே உட்கார்ந்திருக்கிறார். கீழே பாட்டு போடக்கூடாது. மேலேயும் போடக்கூடாது. நடுவில் நான் சும்மா இருந்தால் நீயும் சும்மா இரு. முதல் பிரதி என் மகளுக்கு. இரண்டாவது பிரதி அந்த ஜெராக்ஸ் கடையிலேயே இருக்கட்டும், உன்னை நம்ப முடியாது. ஃபேனைப் போடு.'

தம்பி கையெழுத்துப் போட்டார். ஃபேனையும் போட்டார். அங்கேயே நின்று அக்கா மகளுக்கு அனுப்பினார். அரை மணியில் அவளே கூப்பிட்டாள். போனை அக்காவின் மடியில் வைத்து ஒலியைக் கூட்டினார்.

"மாமா! அந்த நாற்காலி!" அவள் சிரித்தாளா அழுதாளா என்று சொல்லமுடியாத குரல். "நம்ம வீட்டு நாற்காலி மாமா! நான் ஆடி ஆடிக் கால் உடைச்ச நாற்காலி! இத்தனை நாள் இது எங்க இருந்துச்சு?"

"என் டிரம்ஸுக்கு அடியிலம்மா" என்றார் அவர்.

அவள் பதிவைத் தன் பக்கம் ஓடவிட்டாள். போன் வழியாக அம்மாவின் குரல் அம்மாவின் மடிக்கே வந்தது. வண்டி எண் வந்தது. மேடை எண் வந்தது. பிறகு அந்த இடைவெளி. அங்கே அவளும், இங்கே அக்காவும் தம்பியும், மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசாமல், ஓடி வருகிறவர்களுக்காகக் காத்திருந்தார்கள். அக்காவின் உதடு மட்டும் அசைந்தது. 'புறப்படத் தயாராக உள்ளது.'

இப்போது 'நம்ம ஆளுங்க' புதிதாக நடக்கிறது. இதுவரை பதினோரு நேயர்கள். பாட்டு இல்லை. போன வாரம் கண் பரிசோதனைக்குப் போனபோது நம்மவர் என் மூக்கில் சட்டத்தை மாட்டிவிட்டு, ரகசியமாகக் குனிந்து, "குருவி கத்தறதைப் போட்டுக்கலாமா? அதுக்கு உரிமை யாருக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஜெராக்ஸ் கடையில் விசாரிப்பதாகச் சொன்னார்.

இப்படியும் ஒரு மனிதரா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். மூன்று பேரும் பேசாமல் இருந்தார்களே, அக்காவின் உதடு அசைந்ததே, அப்போது உங்கள் காதுக்குள் எங்கிருந்தோ ஒரு வயலின் லேசாக எழுந்ததா இல்லையா? சத்தியமாக நான் அதை எழுதவில்லை; வேண்டுமானால் மேலே போய்ப் பாருங்கள், அந்த இடத்தில் ஒரு வாத்தியமும் கிடையாது. அப்படியென்றால் அது யாருடைய வயலின்? யாரிடம் கேட்டு எடுத்தீர்கள்?

ஒன்பது வினாடிக்குள் நிறுத்திவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.